ஊசியைக் கண்டால் ஓடும், கொள்ளைக் கண்டால் கனைக்கும்

(பட்டிமன்றத் தலைப்பு: குதிரை வளர்ப்பில் விஞ்சி நிற்பது அன்றைய கைப்பக்குவமா, இன்றைய மருத்துவ அறிவா? ‘இன்றைய மருத்துவ அறிவே’ அணியில் பேசிய கால்நடை ஆய்வாளர் ஒருவரின் உரை.)

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம்.

எதிரணி அண்ணன் இப்பத்தான் பேசி முடிச்சு உட்கார்ந்தாரு. உட்கார்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னாரு. “தங்கச்சி கால்நடை ஆய்வாளர். தங்கச்சி ஊசியோட வந்தா, குதிரை கயித்தை அத்துக்கிட்டு ஓடுது. எங்க தாத்தா கொள்ளோட வந்தா, குதிரை கனைக்குது. எது நல்ல வளர்ப்புன்னு குதிரையே தீர்ப்பு சொல்லிருச்சு. நடுவர் ஐயா வீட்டுக்குப் போயிரலாம்.” சபை எழுந்து கைதட்டுச்சு. நானும் தட்டினேன். நல்ல வார்த்தைங்க அது.

நான் எழுதிட்டு வந்த தாள்ல லாடம், பல்லு, புழு, தண்ணின்னு வரிசையா குறிச்சு வச்சிருக்கேன். அதை மடிச்சு இப்படி ஓரமா வச்சிடறேன். நேரம் இருந்தா பிரிப்பேன். அந்தக் கொள்ளுக்கு மட்டும் பதில் சொல்லாம என்னால இந்த மைக்கை விட்டு நகர முடியாது. ஏன்னா அந்தக் கொள்ளை எனக்குத் தெரியும். அது வேகுற வாசனையில பொறந்து வளர்ந்தவ நான்.

எங்க ஊரு பழனி. எங்க தாத்தா குதிரைவண்டிக்காரரு. எங்க அப்பாவும் குதிரைவண்டிக்காரரு. பழனி ஸ்டேஷன்ல இறங்கி அடிவாரத்துக்கு ஜட்கால போனவங்க இந்தச் சபையில எத்தனை பேரு? கையைத் தூக்குங்க பாப்போம். அடேயப்பா. உங்கள்ல யாரையாவது எங்கப்பா ஏத்திட்டுப் போயிருப்பாரு. “முன்னாடி தள்ளி உட்காருங்க, பின்பாரமா இருக்கு”ன்னு ஒருத்தர் சொல்லியிருப்பாரே, ஞாபகம் இருக்கா? வண்டி பின்னாடி சாஞ்சா ஏர்க்கால் மேல தூக்கும், வாரு குதிரையோட அடிவயித்தை அறுக்கும். பயணிக்கு வசதியா இருக்கான்னு அவர் பார்க்கல. குதிரைக்கு வலிக்குமேன்னு பார்த்தாரு.

எங்க வீட்டுல விடியக்காலம் கோழி கூவி யாரும் எந்திரிச்சதில்ல. நாலு மணிக்கு எங்க குதிரை ராஜா முன்னங்காலால தரையைத் தட்டும். டக்கு, டக்குன்னு. அப்பா எந்திரிச்சு, தன் மூஞ்சியைக் கழுவுறதுக்கு முன்னாடி ராஜா மூஞ்சியைத் துடைப்பாரு. ஈரத்துணியால கண்ணோரம், மூக்கோரம். அப்புறம் வைக்கோலைப் புரி மாதிரி முறுக்கி, கழுத்துல தொடங்கி வாலு வரைக்கும் ஒரே சீரா தேய்ப்பாரு. ரோமம் பட்டு மாதிரி படியும். அப்புறம் ஒவ்வொரு காலா மடக்கி முழங்கால் மேல வச்சுக்கிட்டு, வளைஞ்ச கம்பியால குளம்புக்குள்ள இருக்கிற கல்லையும் சாணியையும் நோண்டி எடுப்பாரு. அண்ணே, அன்னைக்கு அன்பு இருந்துச்சுன்னு நீங்க சொன்னீங்கள்ல? ஆமாங்க, இருந்துச்சு. அதை என்கிட்டயே நிரூபிக்க வேண்டியதில்ல. என் கண்ணால பார்த்தேன்.

இப்ப கதைக்கு வரேன்.

1989 தைப்பூசம். நான் ஏழாம் வகுப்பு. பூசத்துக்குப் பாதயாத்திரையா வர்றவங்க வரும்போது நடந்து வருவாங்க. மலை ஏறி இறங்கினப்புறம் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. அடிவாரத்துலேர்ந்து ஸ்டேஷனுக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு, எல்லாம் ஜட்காதான். பத்து நாள் ராஜா ஓடுச்சு. விடியக்காலம் கட்டினா ராத்திரி பத்து, பதினொண்ணு. அந்தப் பத்து நாள் சம்பாத்தியத்துலதான் எங்க வீட்டு வருஷக் கடன் அடையும், எனக்குப் பள்ளிக்கூடப் பாவாடை வரும்.

பூசம் முடிஞ்சுது. அப்பா சொன்னாரு, “ரெண்டு நாளைக்கு ராஜாவுக்கு லீவு. நாம தின்ன சோறு அவன் ஒழைப்பு. இந்த ரெண்டு நாளு அவன் திங்கட்டும்.”

வழக்கமா நாளைக்கு ஒன்றரைப் படி கொள்ளு. அந்த ரெண்டு நாளும் மூணு படி. எப்படி? கொள்ளை முதநாள் ராத்திரியே ஊறப்போட்டு, வேகவச்சு, மத்தால மசிச்சு, தவிடு சேர்த்து, ஒரு பிடி உப்பு, மேல வெல்லத்தை நுணுக்கித் தூவி, கை சூடு பொறுக்கிற பதத்துல கொண்டுபோய் வச்சாரு. அந்த வெல்லத்துல நான் ஒரு துண்டு கேட்டேன். “அது ராஜாவுக்கு”ன்னாரு.

கனைச்சுதா? கனைச்சுது அண்ணே. தெருக்கோடி வரைக்கும் கேக்குற மாதிரி கனைச்சுது. நீங்க சொன்னீங்களே, குதிரையே தீர்ப்பு சொல்லும்னு. முத நாள் சாயங்காலம் எங்க லாயத்துக்கு நீங்க வந்திருந்தா, தீர்ப்பு உங்க பக்கம்தான். ரெண்டாம் நாள் வந்திருந்தாலும் உங்க பக்கம்தான். மூணாம் நாளு காலையில வாங்க.

மூணாம் நாள் காலையில வண்டி கட்டினாரு. ராஜா நிக்கல. துள்ளுது. தலையை ஆட்டுது. சதங்கை கலீர்னு குலுங்குது. அப்பாவுக்குப் பெருமை தாங்கல. அம்மாவைக் கூப்பிட்டு, “பாரு, பாரு, ரெண்டு நாள் தீனி எப்படிப் பேசுதுன்னு”ன்னாரு. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு வண்டியில ஏறிக்கிட்டேன்.

ஒரு பர்லாங்கு போயிருப்போம். சதங்கைச் சத்தம் மாறுச்சு. நாள் முழுக்க அந்தச் சத்தத்துல வளர்ந்த பிள்ளைக்கு, அது மாறினா உடனே தெரியும். அடி குறுகுது. பின்னங்கால் ரெண்டும் முன்னுக்கு வரமாட்டேங்குது, கட்டை மாதிரி இழுபடுது. தை மாசக் குளிருங்க, காலை ஏழு மணி. ராஜா கழுத்துலேர்ந்து தண்ணி ஊத்தினாப்புல வேர்வை. நின்னுருச்சு. அப்பா குதிச்சு இறங்கிப் போய் தொடையில கை வச்சாரு. வச்ச கையை எடுத்துட்டாரு. என்னைத் திரும்பிப் பார்த்து, “கல்லு மாதிரி இருக்கு புள்ள”ன்னாரு.

அப்புறம் அது மூத்திரம் பெய்ஞ்சுது. காபி டிகாஷன் நிறத்துல.

கூட்டம் கூடிருச்சு. நம்ம ஊர்ல வைத்தியம் சொல்ல ஆளா இல்ல? ஒருத்தர் “வாதம் புடிச்சிருச்சு, நடத்து, நடக்க நடக்க விட்டுரும்”னாரு. ஒரு பாட்டி “பத்து நாள் ஊரு கண்ணெல்லாம் பட்டிருக்கு, சுத்திப் போடு”ன்னுச்சு. லாடம் அடிக்கிற பெரியவர் ஒருத்தர், நல்ல மனுஷன், எங்க தாத்தாவோட சிநேகிதர், “தொடையில நாலு கோடு சூடு இழுத்தா ரத்தம் ஓடும்”னு சொல்லிட்டு டீக்கடை அடுப்புல கம்பியை வச்சுட்டாரு. அன்னைக்கு அதுதாங்க வைத்தியம். நொண்டினா சூடு. வீங்கினா சூடு. சொன்ன யாருமே ராஜாவுக்கு எதிரி இல்ல. எல்லாருக்கும் அது மேல பாசம். அப்பா லகானைப் பிடிச்சு இழுக்கிறாரு, “வாடா ராஜா, ஒரு அடி, ஒரே ஒரு அடி”ங்கிறாரு. அது அவருக்காக ஒரு அடி வச்சுது. ரெண்டாவது அடியில நடுங்க ஆரம்பிச்சிருச்சு.

யாரோ சைக்கிள்ல போய் கால்நடை டாக்டரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவர் வண்டியை விட்டு இறங்கும்போதே சத்தம் போட்டாரு, “அந்தக் கம்பியைக் கீழ போடுங்க. குதிரையை நகர்த்தாதீங்க, ஒரு அடி கூட நகர்த்தாதீங்க.” கிட்ட வந்தாரு. தொடையைத் தொட்டாரு. கீழ கிடந்த ஈரத்தைப் பார்த்தாரு. அப்பாகிட்ட ரெண்டே கேள்விதான் கேட்டாரு.

“பூசத்துக்கு அப்புறம் ஓய்வு குடுத்தீங்களா?”

“ரெண்டு நாள் முழுசா குடுத்தேன் சார்.”

“அந்த ரெண்டு நாளும் தீனியைக் குறைச்சீங்களா?”

எங்கப்பா நிமிர்ந்து நின்னு, இந்தச் சபை முன்னாடி சொல்றேன், அந்த முகம் எனக்கு மறக்காது, அவ்வளவு பெருமையா சொன்னாரு. “குறைக்கிறதா? ரெட்டிப்பா போட்டேன் சார்!”

டாக்டர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அப்பா தோள்ல கை வச்சு, “அதுதாங்க”ன்னாரு.

திருப்பிச் சொல்றேன், கேட்டுக்குங்க. “ரெட்டிப்பா போட்டேன் சார்.” “அதுதாங்க.”

கடுமையா உழைச்ச குதிரையைத் திடீர்னு ஓய்வுல கட்டி, தீனியை மட்டும் குறைக்காம போட்டா, அந்தச் சத்தெல்லாம் தசையில போய்ச் சேரும். திரும்ப வண்டியில பூட்டி ஓட்டினதும் தசை இறுகும், சிதையும். சிதைஞ்ச தசையோட சாயம்தான் மூத்திரத்துல அந்த நிறம். அது சிறுநீரகத்தையே அடைச்சிரும். அந்த நேரத்துல நடத்தினா, சிதைஞ்ச தசை இன்னும் சிதையும். ஐரோப்பாவுல வண்டிக் குதிரைகளுக்கு இதே வியாதி வந்தப்ப திங்கட்கிழமை நோய்னு பேரு வச்சாங்க. ஞாயித்துக்கிழமை ஓய்வு, முழுத் தீனி. திங்கட்கிழமை வண்டியில பூட்டினதும் குதிரை விழுந்துரும். எங்க பழனியில அது பூசத்துக்கு மூணாம் நாள் நோய்.

நடுரோட்டுலயே வண்டியை அவுத்தாங்க. சாக்கு போட்டு மூடினாங்க. ஊசி போட்டாரு. ஆமா அண்ணே, ஊசிதான். குளுகோஸ் பாட்டிலை வண்டிக் கூட்டுல கட்டித் தொங்கவிட்டு, அம்மா அதைப் பிடிச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் நின்னாங்க. நான் பள்ளிக்கூடம் போகல. சாயங்காலம் மூத்திரம் தெளிஞ்சுது. இருபது நாள் கழிச்சு ராஜா பழையபடி நடந்துச்சு. ராஜா நடுரோட்டுல நின்ன அன்னைக்கு ராத்திரி அப்பா சாப்பிடல. கொள்ளு அளக்கிற டின் ஒண்ணு இருக்கும், பழைய பால்பவுடர் டின். அதை மடியில வச்சுக்கிட்டு, ஒரு லாட ஆணியை எடுத்து, உள்பக்கம் பாதி உயரத்துல ஒரு கோடு கீறினாரு. ஓய்வு நாளைக்கு அந்தக் கோடு வரைக்கும்தான். டாக்டர் சொன்ன அளவு.

அண்ணே, எங்கப்பாவுக்கு அன்பு போதாதுன்னு அந்த டாக்டர் வரலங்க. அன்பு அளவுக்கு மீறிப் போய், கொஞ்சம் விட்டிருந்தா அந்த அன்பே ராஜாவைக் கொன்னிருக்கும். வெல்லம் தூவின கையாலேயே கொன்னிருக்கும். அந்த அளவைச் சொன்னது இன்றைய மருத்துவம். 1903-ல சைதாப்பேட்டையில டாபின் ஹால்னு ஒரு கட்டடத்துல இருபது பிள்ளைகளோட தொடங்குச்சே சென்னைக் கால்நடைக் கல்லூரி, அங்கேர்ந்து படிச்சு வந்த ஒருத்தர் எங்க தெருவுக்கு வந்து சொன்னாரு.

ஊசியைக் கண்டா ஓடுதாம். ஊசியைக் கண்டு ஓடாத பிள்ளை உங்க வீட்டுல இருக்கா? அம்மை ஊசிக்குப் பிள்ளை கத்துச்சுன்னு தூக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டீங்களா? மடியில அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, நர்ஸ் அம்மாகிட்ட “போடுங்க”ன்னு சொல்லிட்டு, தாயி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவா. மிட்டாயைக் கண்டா சிரிக்கும். அதுக்காக மிட்டாய்க் கடைக்காரரைக் குழந்தை டாக்டராக்கிட முடியுமா? அண்ணன் குதிரையைத் தீர்ப்புச் சொல்ல வச்சுட்டாரு. பாவம், அதுக்கு மூணாம் நாள் என்ன வரும்னு தெரியாதுங்க. தெரிஞ்சுக்க வேண்டியது நாமதான்.

எதிரணியில இன்னொருத்தர் பாண்டியர் காலத்துக்கே போயிட்டாரு. ஆவுடையார்கோயில் தூண்ல குதிரையைச் செதுக்கின இனம், நமக்கா குதிரை வளர்ப்பு தெரியாதுன்னு கேட்டாரு. சிற்பிக்கு ஒரு கும்பிடு. ஆனா 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்து பார்த்துட்டு என்ன எழுதி வச்சிருக்காரு? அரேபியாவுலேர்ந்தும் பாரசீகத்துலேர்ந்தும் கப்பல்ல குதிரை வருது. அரசர் வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல வாங்குறாரு. அவர் சகோதரர்களும் அதே அளவு வாங்குறாங்க. வருஷக் கடைசியில நூறு மிஞ்சுறதில்ல. ஏன்? பார்த்துக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல. சோத்தோட இறைச்சியைக் கலந்து குதிரைக்குப் போட்டிருக்காங்க! பொன்னைக் கொட்டி வாங்கின குதிரைக்கு, நாம திங்கிறதையே பிரியமா ஊட்டியிருக்காங்க. அது புல்லு திங்கிற ஜீவன். இன்னொரு சேதியும் சொல்றாரு, அது நெஞ்சை அறுக்குது. குதிரை வியாபாரிங்க, இந்த நாட்டுக்குக் குதிரை வைத்தியர் யாரும் போகாம பார்த்துக்கிட்டாங்களாம். வைத்தியர் போனா குதிரை பிழைச்சிரும். பிழைச்சிருச்சுன்னா அடுத்த வருஷம் யாருகிட்ட விக்கிறது? தெரியாமை ஒரு பக்கம், அதை வச்சுப் பிழைச்சவங்க ஒரு பக்கம். நடுவுல செத்தது அந்த வாயில்லா ஜீவன்.

நடுவர் ஐயா மணிகிட்ட கையைக் கொண்டு போறாரு. ஐயா, தாளைப் பிரிச்சு வேகமா ஓடிடறேன்.

பல்லு. குதிரைப் பல்லு வருஷத்துக்கு ரெண்டு, மூணு மில்லிமீட்டர் ஈறுலேர்ந்து வெளிய வந்துகிட்டே இருக்கும். தேயுறது ஒரே சீரா தேயாது. ஓரம் கத்தி மாதிரி கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். மெல்ல முடியாம புல்லை உருண்டை உருண்டையா துப்பிட்டு இளைச்சுக்கிட்டே போகும். அன்னைக்கு “வயசாயிருச்சு”ன்னு வித்துட்டாங்க. இன்னைக்கு நீளமான அரத்தை வாய்க்குள்ள விட்டு அந்தக் கூரை ராவி விட்டா, அதே குதிரை ஒரு மாசத்துல தேறிடுது. புழு. குடல் ரத்தக்குழாய்க்குள்ளேயே போய்க் குடியிருக்கிற புழு இருக்கு, அதால வர்ற வயித்துவலியில எத்தனையோ குதிரை உருண்டு உருண்டு செத்திருக்கு. குதிரையால வாந்தி எடுக்க முடியாதுங்க. உள்ள போனது உள்ளதான். ஜப்பான் மண்ணுல கிடைச்ச ஒரு நுண்ணுயிர்லேர்ந்து வந்த ஐவர்மெக்டின்கிற மருந்து அந்தப் புழுவைக் கொல்லுது. அதைக் கண்டுபிடிச்சவங்களுக்கு 2015-ல நோபல் பரிசு. சட்டம். 1965-ல மத்திய அரசு விதி போட்டுச்சு. வண்டி இழுக்கிற பிராணியை நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது. 37 டிகிரிக்கு மேல வெயில் இருந்தா பன்னிரண்டுலேர்ந்து மூணு வரைக்கும் பூட்டவே கூடாது. முள்ளு வச்ச கடிவாளம் கூடாது. இதை எல்லாரும் கடைப்பிடிக்கிறாங்களான்னு கேட்டீங்கன்னா, இல்ல. அந்தக் கடிவாளத்தை நானே என் கையால கழட்டியிருக்கேன். நாக்குல ஓட்டை விழுந்திருந்துச்சு.

ஐயா, ரெண்டே நிமிஷம். ஊசிக்கு மட்டும் இன்னும் ஒரு பதில் பாக்கி இருக்கு.

எங்க தாத்தா வச்சிருந்த குதிரை பேரு முத்து. நான் பார்த்ததில்ல, அப்பா சொல்லிக் கேட்டது. 1961. லாடம் அடிக்கையில ஒரு ஆணி உயிர்ச்சதையில ஏறிருச்சு. பிடுங்கிட்டு மஞ்சளும் எண்ணெயும் காய்ச்சி ஊத்தினாரு தாத்தா. காயம் ஆறிருச்சு. பத்து நாள் கழிச்சு ஒரு நாள் காலையில முத்து நாலு காலையும் அகட்டி வச்சுக்கிட்டு மரக்குதிரை மாதிரி நிக்குது. காது விறைச்சிருக்கு. வாலு தூக்கியிருக்கு. வாய் திறக்க வரல. யாராவது கதவைச் சாத்தினா, அந்தச் சத்தத்துக்கே உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுக்குது. ரண ஜன்னி, டெட்டனஸ்னு சொல்றோமே, அது. குதிரைக்கு வர்ற மாதிரி அது வேற எந்தப் பிராணிக்கும் சுலபமா வராது. அதோட கிருமி குதிரைச் சாணத்துலயும் லாயத்து மண்ணுலயும் இருக்கு. தாத்தா லாயத்து ஜன்னல்ல சாக்கு கட்டினாரு. தெருவுல விளையாடுற பிள்ளைங்ககிட்டப் போய்க் கும்பிட்டு, “சத்தம் போடாதீங்க கண்ணுகளா”ன்னாரு. முத்து கழுத்துச் சதங்கையைக் கழட்டி, அது குலுங்கிடக் கூடாதேன்னு துணியில சுத்தி வச்சாரு. ஆறு நாள். பூட்டின தாடையில பல்லு இடுக்கு வழியா, சங்கால கஞ்சியை ஊத்திப் பார்த்தாரு. ஏழாம் நாள் முத்து விழுந்துருச்சு. அதுக்கப்புறம் எங்க தாத்தா சாகுற வரைக்கும் வீட்டுக் கதவை மெதுவாத்தான் சாத்துவாரு.

இன்னைக்கு அதுக்குத் தடுப்பூசி இருக்கு அண்ணே. அந்த ஆறு நாளும் இல்ல, அந்தச் சாக்கும் இல்ல, அந்தக் கும்பிடும் இல்ல. அந்த ஊசியோடதான் நான் போறேன். என்னைக் கண்டு குதிரை ஓடட்டுங்க. ஓடுறதுக்கு அதுக்குக் கால் இருக்கட்டும்.

அந்த ரண ஜன்னிக்கு மனுஷனுக்கு முதமுதல்ல மருந்து எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியுமா? 1890-ல பெர்லின்ல பேரிங், கிட்டசாட்டோன்னு ரெண்டு விஞ்ஞானிங்க வழியைக் கண்டுபிடிச்சாங்க. நோயோட நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமா ஒரு பிராணிக்குப் பழக்கினா, அதோட ரத்தத்துல முறிவு ஊறும். அந்த ரத்தத்துல தெளிஞ்ச நீரை எடுத்து இன்னொரு உயிருக்குக் குடுக்கலாம். ஊருக்கே தேவைப்படுற அளவுக்கு எடுக்க, பெரிய உடம்பு வேணும், நிறைய ரத்தம் வேணும், நின்னு குடுக்கிற பொறுமை வேணும். தேடிப் பார்த்தாங்க. குதிரைதான் கிடைச்சுது. முதல் உலகப் போர்ல காயம்பட்டவங்களுக்குப் போட்ட ரண ஜன்னி ஊசி, குதிரை குடுத்தது. இன்னைக்கு நம்ம நாட்டுல பாம்புக் கடிக்குப் போடுற ஊசியும் குதிரை குடுக்கிறதுதான். செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில, 1978-ல தொடங்கின இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரங்க நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடிச்சு விஷம் எடுத்துக் குடுக்கிறாங்க. அதைத் துளித்துளியா குதிரை உடம்புல ஏத்தி, அது தாங்கித் தாங்கிச் சேர்த்து வைக்கிற முறிவைத்தான் நாம வாங்கிக்கிறோம். அந்தக் குதிரைங்களுக்கு நல்ல தண்ணி, நல்ல நிழல், போதுமான ஓய்வு குடுக்கிறது நம்ம கடமைங்க. நான் அதையும் இந்த மேடையில சேர்த்தே சொல்றேன்.

2003. நான் வேலைக்குச் சேர்ந்து மூணாவது வருஷம். ஐப்பசி மழை. விடியக்காலம் நாலு மணி, வீட்டுல கரண்டு இல்ல. ராசாத்தி தரையைத் தட்டுச்சு. ராஜாவுக்கு அப்புறம் வந்த குதிரை அது. அப்பா எந்திரிச்சுப் போய் இருட்டுல புல்லுக்கட்டுக்குள்ள கையை விட்டாரு. கண்ணாடி விரியன்.

அரசு ஆஸ்பத்திரியில நர்ஸ் அம்மா கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாய்ல எடுத்து மேஜை மேல நிக்க வச்சாங்க. இருபது நிமிஷம் அசைக்காம வச்சுப் பார்ப்பாங்க. உறைஞ்சா நல்லது. நான் அந்தக் குழாயையே பார்த்துக்கிட்டு நின்னேன். இருபது நிமிஷம் கழிச்சு அவங்க அதைச் சாய்ச்சாங்க. தண்ணி மாதிரி ஓடுச்சு.

டாக்டர் வேகமா வந்தாரு. மருந்தை எடுத்துக்கிட்டே என்கிட்ட கேட்டாரு. “உங்கப்பாவுக்கு இதுக்கு முன்னாடி குதிரை சீரம் ஏதாவது போட்டிருக்கா? சிலருக்கு ஒத்துக்காது. இது குதிரை ரத்தத்துலேர்ந்து வர்ற மருந்தும்மா.”

பாடத்துல படிச்சவதான் நான். ஆனா அந்த எடத்துல, அந்த நேரத்துல அவர் வாயால கேட்டப்ப எனக்குக் காலு தரிக்கல. வாழ்நாள் முழுக்க வைக்கோலை முறுக்கிக் குதிரை உடம்பைத் தேய்ச்ச மனுஷன். அவர் கையில பத்து குப்பி குதிரையோட ரத்தம் ஏறுது. சொட்டுச் சொட்டா. எந்த ஊரு லாயத்துல நிக்கிற குதிரையோ. அது பேரு என்னவோ. அதுக்கு யாரு தீனி வச்சாங்களோ.

அண்ணே, ஊசின்னு சிரிச்சீங்களே, அந்த ஊசிக்குள்ள இருந்ததே குதிரைதாங்க.

ஆறு மணி நேரம் கழிச்சு மறுபடி குழாய்ல ரத்தம் எடுத்தாங்க. மறுபடி இருபது நிமிஷம். சாய்ச்சாங்க. அசையல. உறைஞ்சு நின்னுச்சு. நான் அந்த வராந்தாவுலயே உட்கார்ந்து அழுதேன்.

ஆனா அப்பாவுக்கு நினைவு சரியா திரும்ப அஞ்சு நாள் ஆச்சு. கை யானைக்கால் மாதிரி வீங்கிக் கிடக்கு. அஞ்சாம் நாள் சாயங்காலம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாரு. உதடு அசைஞ்சுது. தண்ணி கேக்குறாருன்னு குனிஞ்சேன்.

“ராசாத்தியை அஞ்சு நாளா வண்டியில கட்டலியே புள்ள... கொள்ளைக் குறைச்சியா?”

“குறைச்சிட்டேம்ப்பா.”

“எதுவரைக்கும்?”

“ஆணிக்கோடு வரைக்கும்ப்பா.”

தலையை ஆட்டிட்டு, திரும்பக் கண்ணை மூடிக்கிட்டாரு.